கொத்தனாரைத் திட்டிய கேசட்டும் உட்காராத பிள்ளையும்

பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கைப்பழக்கம் சொல்லித்தர என்னைவிட நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளையை எங்கே பிடிப்பது, எப்படி உருட்டுவது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணி ஓய்வு பெற்ற என்னிடம் மிச்சம் இருப்பது என் அசட்டுத்தனங்கள் மட்டும்தான். அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாத காலம், தப்பான ஆளுக்கு மிகப் பிரமாதமாகப் பாடம் நடத்தியவன் நான்.

ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. தஞ்சாவூரில் குழந்தைகளுக்கான ஒரு சிகிச்சை மையத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். புதன்கிழமைகளில் குடவாசல் பக்கம் போய், வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். என் பெயர் ஆரோக்கியசாமி. அந்தப் பக்கத்தில் சுருக்கி ‘ஆரோக்கியம் சார்’ ஆக்கிவிட்டார்கள். அது என் பெயர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சுகாதாரத் துறை கொடுத்த பதவி என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

குடவாசலைத் தாண்டி, வயலுக்கு நடுவில் ஓர் ஊர். அங்கே மாடி வீடு என்றால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் அரபு நாட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். பாதி கட்டிய மாடி வீடு என்றால் அவர் இப்போதுதான் போயிருக்கிறார் என்று அர்த்தம். நான் போனது பாதி கட்டிய வீட்டுக்கு. மகன் கபீர் ஷார்ஜாவில். அவருடைய அத்தா ஜமால் பாய் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகைக்கும் விடுவார், பழுதும் பார்ப்பார். கபீரின் மனைவி நூர்ஜஹான். பிள்ளை ரியாஸ், ஒரு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ரியாஸ் இன்னும் உட்காரவில்லை. குப்புற விழவில்லை. உட்கார வைத்தால் துணி மூட்டை மாதிரி மெல்லச் சரிந்து, சரிந்த இடத்திலிருந்தே நம்மைப் பார்த்துச் சிரிப்பான். கண் கூர்மை, சிரிப்பு தாராளம், உடம்பில் மட்டும் பிடிப்பு இல்லை. தஞ்சாவூரில் குழந்தை மருத்துவர் பார்த்து, ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “என்ன காரணம்னு தெரிய நாளாகும். தெரியட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. இன்னைக்கே ஆரம்பிங்க.”

அன்றைக்கே ஆரம்பித்தேன். ஆனால் யாரிடம் ஆரம்பித்தேன் என்பதுதான் கதை.

நான் போனபோது ஜமால் பாய் வாசலில் நாற்காலி போட்டு வரவேற்றார். பெரிய உடம்பு, வெள்ளைத் தாடி, தோளில் கிரீஸ் கறை படிந்த துண்டு. நூர்ஜஹான் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, உள் கதவோரம் போய் நின்றுகொண்டாள். நான் உடனே முடிவு செய்துவிட்டேன்: இந்த வீட்டில் மருமகள் ஆண்களோடு பேச மாட்டாள், நாமும் பேசக்கூடாது, அதுதான் மரியாதை. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டு நானே கடைப்பிடித்தேன்.

ஜமால் பாய் தன் நோயறிதலைச் சொன்னார். “சார், நான் பாத்துட்டேன். மேல் பார்ட் எல்லாம் கண்டிஷன். இடுப்புல பேரிங் லூசு. கிரீஸ் பத்தல.”

“தசையில பிடிப்பு கம்மி பாய்.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

அந்த வீட்டில் ஒரு பொருள் ஊர்ப் புகழ் பெற்றிருந்தது. கபீர் யாரோ விடுமுறையில் வந்தவரிடம் கொடுத்தனுப்பிய நடைவண்டி. நம் ஊர் மர நடைவண்டி இல்லை. வட்டமாக பிளாஸ்டிக், நடுவில் பிள்ளையை உட்கார வைக்கத் துணி இருக்கை, கீழே ஆறு சக்கரம், முன்னால் ஒரு தட்டு. தட்டில் வாத்து படம். வாத்தை அழுத்தினால் விளக்கு மின்னி, தெருக்கோடி வரை கேட்கும் ஒரு பாட்டு வரும். ரியாஸை அதில் மாட்டி வைத்திருப்பார்கள். அவன் தலை ஒரு பக்கம் தொங்கும், கால் தரையில் நுனி மட்டும் படும், வாத்து பாடும், தெருப் பிள்ளைகள் கைதட்டும்.

“இதுல வைக்காதீங்க பாய். உக்காரவே பலமில்லாத பிள்ளை. தொங்கிக்கிட்டு இருக்கான்.”

ஜமால் பாய் முகம் மாறியது. “சார், ஆறு வீலும் தனித்தனியா திரும்புது. இந்த மாதிரி பேரிங் நம்ம ஊர்ல கிடையாது.”

“வீலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல பாய்.”

“எம்மவன் கடல் தாண்டி அனுப்பியிருக்கான்.”

நான் நடைவண்டியை விட்டுவிட்டு உடற்பயிற்சிக்கு வந்தேன். தரையில் பாய் விரித்து, பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, நெஞ்சுக்கடியில் சுருட்டிய துணி வைத்து, தலை தூக்கப் பழக்க வேண்டும். எல்லாவற்றையும் ஜமால் பாய்க்கே விளக்கினேன். மனிதர் அருமையான மாணவர். சைக்கிள் கடை நோட்டில் எழுதிக்கொண்டார். சந்தேகம் கேட்டார். “குப்புறப் படுத்தா எங்க பலம் விழுதுன்னு எனக்குத் தெரியணும் சார். தெரியாம ரிப்பேர் பாக்கக்கூடாது” என்று சொல்லித் தானே தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

படுப்பது வரை நன்றாகத்தான் போனது. எழுந்திருக்க முடியவில்லை. முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார், அதற்கு மேல் உடம்பு வரவில்லை. நான் ஒரு கையை இழுத்துப் பார்த்தேன். பிறகு மாடியில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் தங்கையனையும் சித்தாள் ஒருவரையும் கூப்பிட வேண்டியதாயிற்று. மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். உள் கதவோரத்திலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மரியாதை!

எழுந்து தூசி தட்டிக்கொண்டே ஜமால் பாய் சொன்னார்: “புரிஞ்சிடுச்சு சார். பிள்ளை எவ்ளோ கஷ்டப்படுதுன்னு.”

அவருக்கு உண்மையாகவே புரிந்திருந்தது. எனக்குத்தான் புரியவில்லை. அவர் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். பிள்ளையோடு இருப்பது கதவோரம் நிற்பவள். பிள்ளையை நாளில் ஒரு மணி நேரம்கூடத் தூக்காத மனிதருக்கு நான் பிள்ளை தூக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது புதன், மூன்றாவது புதன். முன்னேற்றம் இல்லை. குப்புறப் படுக்க வைத்தால் ரியாஸ் அலறினான். அலறினால் ஜமால் பாய்க்கு மனசு தாங்காது. தூக்கி நடைவண்டியில் வைத்துவிடுவார், வாத்து பாடும். நான் போகும்போதெல்லாம் அவர் பிள்ளையைப் பற்றி ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். கேட்பதற்கு முன்னால் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். கேள்விகள் விநோதமாக இருக்கும். “சார், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” எது என்று கேட்டால், “பொதுவா” என்பார்.

நான்காவது புதன் நான் போனபோது வாசலில் கூட்டம். தெருவாசிகள் பத்துப் பதினைந்து பேர். யாரோ டம்ளரில் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு கட்ட இறக்கியிருந்த ஆற்று மணல் மேட்டில் கொத்தனார் தங்கையன் மண்வெட்டியோடு நின்று, அழகாக ஒரு குழி வெட்டியிருந்தார். குழிக்குப் பக்கத்தில் ஜமால் பாய், தோளில் பிள்ளை.

“வாங்க சார், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பிள்ளைய இடுப்பு வரைக்கும் மணல்ல நிக்க வச்சுப் புதைச்சா காலுக்கு பலம் வரும்னு சொன்னாங்க. மணல் நம்மகிட்டயே கிடக்கு.”

உட்காராத பிள்ளையை நிற்க வைத்துப் புதைப்பதா? மூன்று வாரம் நான் நடத்திய பாடம் என்ன ஆனது? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது சர்பத் டம்ளரை ஒருவர் என் கையில் வைத்தார். நான் குடித்தேன். இளைய நண்பர்களே, இந்தத் தொழிலில் என்னைக் காப்பாற்றிய மிகப் பெரிய விஷயங்களில் அந்த சர்பத்தும் ஒன்று. அதைக் குடித்து முடிக்கும் நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. தெருவே பார்க்க இந்த மனிதரை நான் முட்டாளாக்கினால், இன்றைக்குப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். நாளையிலிருந்து இந்த வீட்டுக்குள் எனக்கு வழி கிடையாது. பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். “பாய், ஃபிரேம் வளைஞ்சிருக்கற சைக்கிள்ல முதல்ல வீல மாட்டுவீங்களா?”

“மாட்ட மாட்டேன். முதல்ல ஃபிரேம நிமித்தணும்.”

“இவனுக்கு முதுகுதான் ஃபிரேம். கால் வீலு. முதல்ல உக்காரணும், பிறகுதான் நிக்கணும். குழி நல்ல குழிதான். அதுல உக்கார வைப்போம். சுத்தி மணல அணைச்சுக் குடுத்தா சாய மாட்டான். கை ரெண்டும் வெளிய இருக்கட்டும்.”

ஜமால் பாய் தாடியைத் தடவினார். “சரியான பேச்சு” என்றார் கடைசியில். தங்கையன் குழியைப் பாதி தூர்த்து, சின்ன நாற்காலி மாதிரி வடிவம் கொடுத்தார். கொத்தனார் இல்லையா, பின்பக்கம் சாய்மானம்கூட வைத்தார்.

மேலே துணி விரித்து ரியாஸை உட்கார வைத்தோம். இடுப்பைச் சுற்றி மணலை அணைத்தேன். ஒரு நொடி உட்கார்ந்தான். பிறகு இத்தனை முகங்களைப் பார்த்து அலற ஆரம்பித்தான். தலை தொங்கியது. ஜமால் பாயின் கை நடைவண்டி இருந்த திசையில் நீண்டது.

“சார், டேப்பப் போடட்டுமா?”

பெண் குரல். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நூர்ஜஹான் கதவைத் தாண்டி, படியிறங்கி, டேப்ரிக்கார்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எந்தக் கூச்சமும் இல்லை. என்னைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

“என்ன டேப்பும்மா?”

“அவங்க அத்தா பேசினது. அதக் கேட்டா தலையத் தூக்குவான். மாமா கடைக்குப் போனப்புறம் தினம் போடுறேன்.”

மணலில் பிள்ளைக்கு எதிரே, கண்ணுக்கு நேர் உயரத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து அழுத்தினாள். கரகரவென்று ஒரு சத்தம். அதன் பிறகு ஷார்ஜாவிலிருந்து கபீர் பேசினார்.

“அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்க நல்லாருக்கேன். அத்தா, மாடிப்படிக்கு எட்டு எம்.எம். கம்பி போடப் போறாரு அந்த ஆளு, விட்டுடாதீங்க. பத்து போடச் சொல்லுங்க...”

ரியாஸ் அழுகையை நிறுத்தினான். தொங்கிய தலை மெல்ல மேலே வந்தது. இரண்டு கையையும் மணலில் ஊன்றினான். நான் நான்கு வாரமாகப் பார்க்காத ஒன்றை அந்தப் பிள்ளை செய்துகொண்டிருந்தான்: தன் முதுகைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“...அத்தா, அந்தக் கொத்தனாருக்கு ரசமட்டம் பிடிக்கவே தெரியல. போட்டோவுல பாத்தாலே சாயுது. சுவரா அது? சுவரா அது?”

ரியாஸ் கலகலவென்று சிரித்தான்.

தெரு முழுக்கத் தங்கையனைப் பார்த்தது. தங்கையன் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “பாய், தம்பி என் வேலையப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டுச்சுன்னுல்ல சொன்னீங்க?”

ஜமால் பாய் பாய்ந்து டேப்பை நிறுத்தினார். “சந்தோஷம் அடுத்த பக்கத்துல இருக்கு தங்கையன். கேசட்டத் திருப்பிப் போடணும்.”

“வேணாம் பாய். நான் கெளம்புறேன்.” சாரத்தில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

டேப் நின்றதும் ரியாஸின் தலை சரிய ஆரம்பித்தது. “மாமா, நிறுத்தாதீங்க! சாயுறான் பாருங்க!” என்று நூர்ஜஹான் கத்தினாள். ஜமால் பாய் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு தவித்தார். அழுத்தினால் கொத்தனார் போய்விடுவார், மாடிப்படி பாதியில் நிற்கும். அழுத்தாவிட்டால் பேரன் சாய்ந்துவிடுவான். என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். நான் படித்த கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. நான் தங்கையனைப் பார்த்தேன்.

தங்கையன் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்ட நிலையில் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் முகவாய் நெஞ்சில் படப்போனது. சட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து மணலில் குத்துக்காலிட்டார்.

“போடும்மா. திட்டுனா திட்டட்டும்.”

போட்டாள். தலை எழுந்தது. “சுவரா அது?” வந்தபோது ரியாஸ் மறுபடியும் சிரித்தான். “என்னத் திட்டுனா ஒனக்கு அவ்ளோ சந்தோஷமாடா?” என்று தங்கையன் கேட்டார். “இன்னொரு தடவ போடும்மா” என்றார்.

அன்றைக்குப் பதினைந்து நிமிடம் அவரைத் திட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகு நான் நூர்ஜஹானுக்கு எதிரில், மணல் மேட்டிலேயே உட்கார்ந்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். பால் குடித்த உடனே குப்புறப் போட்டால் வாந்தி வருகிறது, குளித்து முடித்தபின் உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறது, இடது பக்கம் உருட்டினால் பயப்படுகிறான் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தரையில் அழுகிறான் என்று தன் மேல் படுக்க வைத்துப் பழக்கியிருக்கிறாள். நடைவண்டித் தட்டைத் திருப்புளியால் கழற்றித் தரையில் வைத்து, வாத்தைத் தொட அவனை எட்ட வைத்திருக்கிறாள். மாமா வரும் நேரத்துக்கு மறுபடி மாட்டிவிடுவாள்.

“இதையெல்லாம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலயே சார். மாமாகிட்ட சொல்லிக் கேக்கச் சொன்னேன். பால் குடிச்சதும் வாந்தி எடுக்குறான், பயிற்சி முன்னாடியா பின்னாடியான்னு. அவங்க வாந்திய விட்டுட்டு மிச்சத்தக் கேட்டாங்க.”

“சார் முன்னாடி வாந்தின்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு” என்றார் ஜமால் பாய்.

மருமகளின் கேள்வியானாலும் மகனின் ஏச்சானாலும், அவர் வழியாக வந்தால் சபைக்கு ஏற்றபடி திருத்தித்தான் வரும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவர் பத்தடி தூரத்தில் நிற்கும்போது ஆள் வைத்துக் கேட்டது நான். வீட்டின் வழக்கம் என்று நான் நினைத்தது என் கூச்சம் மட்டும்தான். அதற்கு ரியாஸ் கொடுத்த விலை நான்கு வாரம். அந்த வயதில் நான்கு வாரம் சின்ன விஷயம் இல்லை.

அன்று மாலையே ஜமால் பாய் நடைவண்டியின் ஆறு சக்கரங்களையும் தன் கையால் கழற்றிவிட்டார். கடையில் காற்றடிக்கும் பம்புக்கு அடியில் மாட்டினார். “நல்ல வீலு சார். வேலைக்கு ஏத்த எடம் வேணும்” என்றார். வாத்துத் தட்டு ரியாஸுக்குத் தரையில் போனது. தங்கையன் வேலை முடிந்து போகும்போதெல்லாம் தான் கட்டிய சுவரைத் தானே தட்டி, “சுவரா அது?” என்று கத்திவிட்டுப் போவார். அதைக் கேட்பதற்காகவே ரியாஸ் சத்தம் வந்த பக்கம் உருண்டு திரும்பப் பழகினான். இடது பக்கம் உட்பட.

ஒன்றரை வயதில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தான். தவழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றினான். இரண்டரை வயதில் நடந்தான். காரணத்துக்கு மருத்துவர்கள் ஒரு பெயர் கண்டுபிடித்தபோது அவனுக்குப் பள்ளிக்கூட வயது. வேகமாக ஓட அவனால் இன்றைக்கும் முடியாது. மாடிப்படி ஏறுவான். பத்து எம்.எம். கம்பி போட்ட படி.

ரியாஸ் நடக்க ஆரம்பித்த சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, குடவாசலில் நான் பிள்ளைகளைப் பார்க்கும் அறைக்கு ஒரு பெரியவர் கோபமாக வந்தார். நூர்ஜஹானின் ஊர்க்காரர்.

“நீங்கதான ஆரோக்கியம் சார்? அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களாம். நிக்காஹ் வீட்டுல, சனம் பிரியாணி சாப்பிடுற நேரத்துல, எம்பேரனத் தூக்கிப் பாயில குப்புறப் போட்டுட்டா! எம்பேரன மட்டுமில்ல. கைப்பிள்ளையோட யாரு வந்தாலும் வாங்கிக் குப்புறப் போடுறா. வரிசையா! பாய்க்கடை மாதிரி! என்ன சார் இது?”

“உங்க பேரன் தலையத் தூக்குனானா?”

“தூக்குனான். அதுக்கென்ன இப்ப?”

அவரைச் சமாதானம் செய்து அனுப்பி வைத்தேன். அன்று மதியமே நூர்ஜஹான் வந்தாள். கொஞ்சம் கண்டித்துப் பேசலாம் என்று குரலைச் சரிசெய்துகொண்டேன். விருந்துக்குப் போன இடத்தில் ஊரார் பிள்ளைகளை அப்படிச் செய்யலாமா, பெற்றவர்களிடம் முதலில் கேட்க வேண்டாமா என்றேன்.

“தப்புத்தான் சார். கேட்டா தர மாட்டாங்க, கொஞ்சுற மாதிரி வாங்குனாத்தான் தருவாங்க. பதினோரு பிள்ளைங்க. பத்துப் பிள்ளை சும்மா ஜம்முன்னு தலையத் தூக்குச்சு.”

“பதினொண்ணாவது?”

“வெளிய இருக்குது சார், அதோட அம்மாவோட. மாமியாரும் வந்திருக்காங்க. நாலு மாசம்தான் ஆகுது.”

உள்ளே வரச் சொன்னேன். மாமியார் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “அது ஒண்ணுமில்லீங்க சார்...” என்று ஆரம்பித்தார். நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளையை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்ற பெண்ணுக்கு நேர் எதிரில் போட்டேன்.

“நீ சொல்லும்மா” என்றேன்.